பதினொன்று முதல் பதினாலு வரை

ஆம்பூர்
15-6-2025

அன்புத் தங்கச்சி ஞானத்துக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்க நானும் உங்க அண்ணியும் சுகம். அந்த மலைக் குளிர்ல நீ எப்படி இருக்கேன்னுதான் கவலை. கொண்டுபோன ஸ்வெட்டர் பத்துதா? மடத்துல முதல் வருஷம் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான்னு சொல்லிட்டுப் போய்ட்ட. பள்ளிக்கூடத்தை விட்டப்புறம் நான் கடிதம் எழுதறது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தா சிரிக்காத.

மாடியில உன் நாலு காக்டெயில் கிளிக் குஞ்சும் நல்லா இருக்கு. கொண்டை முளைச்சு, விசிலடிக்கக் கத்துக்குது. நீ கிளம்பறதுக்கு முந்தின வாரம் கால்ல போட்ட ரிங் நாலும் அவ்வளவு அழகா உட்கார்ந்திருக்குன்னு பார்க்கறவங்க எல்லாம் சொல்றாங்க. பத்து நாள் குஞ்சோட விரலைச் சேர்த்துப் பிடிச்சு, வளையத்தை மாட்டி, பல்குத்தற குச்சியால பின்விரலை நெம்பி எடுக்கற பொறுமை எனக்குக் கிடையாது. பதினெட்டு வருஷமா ஷூவுக்குச் சொல்யூஷன் தடவி விரல் மரத்துப் போச்சு. நம்ம எழுத்து ஜே.கே., வருஷம் 25, அப்புறம் 11, 12, 13, 14. படிக்கும்போதே ஒரு கெத்து.

தாய் மட்டும் நாலு நாளா இறகை உப்பிக்கிட்டு மூலையில உட்கார்ந்திருக்கு. எச்சம் பச்சையா போகுது. வெயில் ஜாஸ்தி, அதான்.

என் லைன்ல வேலை செய்யற முஜாஹித் ஒரு ஜோடி கேட்கறான். அவன் வீட்டம்மா ரஃபத் ஜஹான் ஸ்கூல் வேலைய விட்டுட்டு வீட்ல தனியா இருக்காங்க. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்காங்க. பேச்சுத் துணைக்கு ஆகும்ங்கறான். தோஸ்து கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. பூசையில எங்களையும் நினைச்சுக்க.

உன் அண்ணன்
ஜெயகரன்

---

கோத்தகிரி
29-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மரியே வாழ்க. உங்கள் கடிதம் கண்டு, அண்ணியும் நீங்களும் சுகம் என்று அறிந்து நிம்மதி. நான் நலம். ஸ்வெட்டர் பத்துகிறது. காலையில் தண்ணீர்தான் கையை வெட்டுகிறது.

குஞ்சுகளுக்கு ரிங் போட்ட அன்று அண்ணி டார்ச் பிடித்ததும், பதிமூன்றின் பின்விரல் வராமல் நான் அழாத குறையாக நின்றதும் நினைவுக்கு வந்தது. இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை.

தாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது வெயில் இல்லை அண்ணா. பச்சை எச்சம், உப்பின இறகு இரண்டும் சேர்ந்து வந்தால் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டி முடிக்கும் வரை குஞ்சுகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். கூண்டு சுத்தம் செய்யும்போது மூக்கில் துணி கட்டுங்கள். நான் இரண்டு வருஷம் வேலூர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள். சும்மா பயமுறுத்தவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஞானசுந்தரி

---

ஆம்பூர்
3-8-2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்க சுகம். உன் சுகத்துக்குப் பங்குச் சாமியார்கிட்ட சொல்லி ஒரு பூசை வெச்சோம். பதில் லேட்டானதுக்குக் கோவிச்சுக்காத. எக்ஸ்போர்ட் ஆர்டர், ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம்.

தாய் போய்டுச்சு. முருங்கை மரத்துக்கிட்ட புதைச்சேன். வயசாச்சு அதுக்கும். குஞ்சுங்களை உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன். பதினொன்னும் பன்னெண்டும் முஜாஹித் வீட்ல. பதிமூணை வேலூர்ல பறவைக் கடை வெச்சிருக்கற மூர்த்தி எடுத்துக்கிட்டாரு. பதினாலு மட்டும் நம்மகிட்ட.

ரஃபத் தங்கச்சிக்கு ரொம்ப சந்தோஷம். அஞ்சாம் மாசம் நடக்குது. கூண்டை ஜன்னலோரம் வெச்சுக்கிட்டு, தானே கழுவி, தானே தீனி வெச்சு, தோள்ல ஏத்திக்கிட்டு அலையறாங்களாம். முஜாஹித் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான்.

எனக்கு லேசா சளி. செக்‌ஷன்ல தின்னர் வாடை, வேற ஒண்ணுமில்ல. உடம்பைப் பார்த்துக்க.

ஜெயகரன்

---

கோத்தகிரி
12-8-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தைத்தான் நாலு தடவை படித்தேன்.

நேராகவே கேட்கிறேன். தாய் செத்தது எந்தத் தேதி? குஞ்சுகளைக் கொடுத்தது அதற்கு முன்பா, பின்பா? ரஃபத் அக்கா கூண்டைத் தொடவே கூடாது. இந்த இனப் பறவைகளிடமிருந்து மனுஷனுக்குத் தொற்றுகிற ஒரு காய்ச்சல் இருக்கிறது. காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும், நுரையீரலைப் பிடிக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு ரொம்பக் கெடுதல். வரும் என்று சொல்லவில்லை. வந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். கூண்டை அவர்கள் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் சளிக்கு டாக்டரிடம் போனால் பறவை வளர்க்கிறேன் என்று வாய்திறந்து சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

உடனே இரண்டு வரி போடுங்கள்.
ஞானசுந்தரி

---

கோத்தகிரி
30-8-2025

அண்ணா,

சுகமா? பதினெட்டு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் வரும் நேரம் இங்கே எனக்குத் தோட்ட வேலை. தினமும் களையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

ஞானம்

---

ஆம்பூர்
9-9-2025

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். பறவைங்களும் சுகம். நீ தேவையில்லாம பேஜார் பண்ணிக்காத. ஜெபத்துல கவனம் வை.

ஒரு விஷயம். பேப்பர் இல்லாம ஃபாரின் பறவை வளர்த்தா கேஸ் போடறாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு. ரிங் நம்பர், பிறந்த தேதி எல்லாம் நீ ஒரு சின்ன நோட்டுல எழுதி வெச்சிருந்தியே, அது உன்கிட்ட இருந்தா கிழிச்சுப் போட்டுடு. எனக்கு வேண்டாம். யார் கேட்டாலும் உனக்குத் தெரியாது.

வேற விசேஷம் இல்ல.

ஜெயகரன்

---

ஆம்பூர்
16-9-2025

அன்பான ஞானத்துக்கு லூர்து எழுதறது,

நீ நல்லா இருப்பேன்னு நம்பறேன். நான் இருக்கேன். நான் எழுதறது உங்க அண்ணனுக்குத் தெரியாது. பதில் இந்த வீட்டுக்குப் போடாத. விரிஞ்சிபுரத்துல எங்க அம்மா அட்ரஸுக்குப் போடு.

இன்னா பண்றதுன்னு தெரியல ஞானம். அவருக்கு ஒரு மாசமா இருமல். சாயங்காலம் ஆனா உடம்பு கொதிக்குது. கேட்டா ஃபாக்டரி வாடைங்கறார். பதினாலு போன மாசமே செத்துப்போச்சு. பறவைங்க சுகம்னு உனக்கு எழுதியிருப்பார். ஆகஸ்ட் பதினஞ்சு லீவன்னைக்கு முஜாஹித் வீட்டுக்குப் போய்ட்டு ஒரு பாலிதீன் கவரோட வந்தார். உள்ள பன்னெண்டு. செத்துக் கிடந்தது. ரிங்கைக் கட்டர் வெச்சு வெட்டி எடுத்துட்டுத்தான் புதைச்சார். ஏன் வெட்டறீங்கன்னேன். கீழ போன்னார்.

இப்ப ரஃபத் வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கா. நாலு நாளாச்சு. மூச்சு விட முடியலையாம். என்னென்னமோ ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கல. டாக்டர் முஜாஹித்கிட்ட, வீட்ல பறவை ஏதாவது இருக்கான்னு கேட்டாராம். அவர் இல்லைன்னு சொல்லிட்டார். அப்படிச் சொல்லச் சொன்னது உங்க அண்ணன். பறவை பேச்சு எடுத்தா போலீஸ் என் வீட்டுக்கு வரும்டான்னு இவர் போன்ல சொன்னதை நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். அந்த மனுஷன் தோஸ்துக்காகப் பொய் சொல்லிட்டு, பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்கார்.

நீ நர்சிங் படிச்சவ. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பறவையில இருந்து மனுஷங்களுக்கு இந்த மாதிரி வருமா? வராதுன்னு நீ சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வரும்.

உனக்காக வேண்டிக்கறேன்.
அண்ணி லூர்துமேரி

---

ஆம்பூர்
12-10-2025

ஞானத்துக்கு,

நீ சுகமா இருக்கணும். உன்கிட்ட இருந்து ஒரு மாசமா கடிதம் இல்ல. நானும் எழுதல. இப்ப எழுதற அளவுக்கு உட்கார முடியுது.

நானும் ஆஸ்பத்திரியில ஆறு நாள் இருந்தேன். நெஞ்சுல ரெண்டு பக்கமும் சளி கட்டியிருந்ததாம். மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. பயப்படாத.

யாரோ சொல்லிட்டாங்க ஞானம். செப்டம்பர் இருபதாம் தேதி டாக்டர் முஜாஹித்தைத் தனியா கூப்பிட்டு, உங்க வீட்ல காக்டெயில் இருந்துதா, கால்ல ஜே.கே. 25-ன்னு போட்டு 11, 12-ன்னு ரிங் இருந்துதான்னு கேட்டிருக்கார். அதுக்கு மேல எப்படி மறைப்பான். ஆமாம்னு சொல்லிட்டான். அன்னைக்கே மருந்தை மாத்தினாங்க. ரெண்டாம் நாள் ரஃபத் தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள், இருபத்திநாலாம் தேதி, குழந்தை வயித்துலயே போய்டுச்சு. ஆம்பளப் பிள்ளை. ஏழு மாசம்.

அடக்கத்துக்குப் போனேன். கபரஸ்தான் கேட்டு வரைக்கும் போய் நின்னேன். ரெண்டு கை அகலம்கூட இல்லாத பொட்டலத்தை முஜாஹித் தானே தூக்கிட்டு வந்தான். என்னைப் பார்த்தான். நிக்கல. உள்ள போய்ட்டான். நான் அப்படியே திரும்பி வந்துட்டேன்.

மறுநாள் காலையில பதினொன்னைக் கூண்டோட கொண்டுவந்து நம்ம வாசல்ல வெச்சான். ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம். கால்நடை ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பதினொன்னையும் மாடியில இருந்த கூண்டு எல்லாத்தையும் எடுத்துட்டு, மருந்து அடிச்சுட்டுப் போனாங்க. போலீஸ் வரல. கேஸும் இல்ல. நான் பயந்தது எதுவுமே வரல.

யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ள இருக்கறவங்களைத் தவிர வேற யார்? லூர்து கையால நான் சாப்பிடறதை நிறுத்திட்டேன். அவ அம்மா வீட்டுக்குப் போய் எட்டு நாளாச்சு. வரட்டும், வராம போகட்டும்.

அங்க மழை ஜாஸ்தின்னு டிவியில சொன்னாங்க. ஜாக்கிரதை.

ஜெயகரன்

---

கோத்தகிரி
20-10-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு தேறி வருவதற்கு ஆண்டவருக்கு நன்றி. மாத்திரையை நாள் கணக்கு முடியும் வரை நிறுத்தாதீர்கள்.

டாக்டரிடம் சொன்னது நான்.

அண்ணி பயந்துபோய் எனக்கு எழுதினார். பறவையிலிருந்து மனுஷனுக்கு வருமா என்ற ஒரே கேள்விதான் கேட்டார். அந்தக் கடிதம் செப்டம்பர் இருபதாம் தேதி பகல் என் கைக்கு வந்தது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு, கை மண்ணோடு மதரிடம் போனேன். போன் கூடாது என்ற விதி தெரியும், ஆனால் ஓர் உயிர் போகப் போகிறது, இல்லை, இரண்டு உயிர் என்றேன். மதர் ஒன்றும் கேட்காமல் ஆபீஸ் அறையைத் திறந்து போனைக் காட்டினார். நான் வேலை பார்த்த வார்டு இல்லை, இருந்தாலும் இரண்டு மூன்று பேரைத் தாண்டி அந்த டாக்டரைப் பிடித்தேன். என் பெயரைச் சொன்னேன். வீட்டுக்காரர் பயத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம், நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார் என்றேன். நோட்டை நான் கிழிக்கவில்லை. பார்த்துத்தான் படித்தேன்.

முதலில் உங்களுக்குப் போன் செய்து, நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். கையில் போன் இருந்தது. உங்கள் நம்பர் மனப்பாடம். செய்யவில்லை. அப்பா அம்மா போன பிறகு நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. வேண்டாம் ஞானம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் கேட்டுவிடுவேனோ என்று பயந்தேன். இந்த ஒரு மாதம் எழுதாமல் இருந்ததும் பயந்துதான். இனிமேல் எனக்கு அண்ணன் இல்லை என்று ஒரு கடிதம் வரும் என்று தினமும் கேட்டைப் பார்த்தேன்.

ஆகஸ்டிலேயே மதரிடம் போன் கேட்டிருக்க வேண்டும். கடிதம் எழுதிவிட்டோமே என்று இருந்துவிட்டேன். அந்தக் குழந்தைக்காக ஜெபிக்கும்போது எனக்கு வார்த்தை வருவதில்லை.

நீங்கள் கோபப்பட வேண்டியது என்னிடம். அண்ணியைப் போய் அழைத்து வாருங்கள்.

இன்னொன்று. எல்லாவற்றையும் எழுதினீர்கள். பதிமூன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எங்கே அண்ணா?

ஞானசுந்தரி

---

ஆம்பூர்
14-12-2025

அன்புத் தங்கச்சி ஞானத்துக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம். ரெண்டு பேரும்னு எழுதியிருக்கேன், பார்த்துக்க. உன் கடிதம் வந்த நாலாம் நாள் விரிஞ்சிபுரம் போனேன். உங்க அண்ணி ஒரு மணி நேரம் வெளிய வரல. அப்புறம் பையோட வந்தா. வீட்டுக்கு வந்து உலை வெச்சப்புறம்தான் பேசினா. என்ன பேசினான்னு எழுத மாட்டேன்.

நீதான்னு எனக்கு முதல் நாளே தெரியும் ஞானம். லூர்துக்கு ரிங்குல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா முழுசா சொல்லத் தெரியாது. 25-ன்னு வருஷத்தோட சொல்லத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். உன்மேல கோவப்பட்டா, நீ சொன்னது சரின்னும் ஒத்துக்கணும். அதுக்குத் துணிச்சல் இல்லாம பக்கத்துல இருந்தவமேல காட்டினேன்.

பதிமூணு. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, மொத்தம் எத்தனைன்னு. நாலுன்னேன். மத்தது எங்கன்னாங்க. செத்துப்போச்சுன்னுட்டேன். மூர்த்தியை இழுத்துவிட்டா அவர் கடைய மூடுவாங்க, அவர் என்னை விடமாட்டாருன்னு அப்பவும் ஒரு பயம். மூக்குல குழாயோட படுத்துக்கிட்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். உன் கடிதத்துல அந்தக் கடைசி வரியைப் படிச்சப்புறம்தான் அதைத் தேடக் கிளம்பினேன்.

மூர்த்திகிட்ட போனேன். யாருக்கு வித்தேன்னு ஞாபகம் இல்லைன்னுட்டார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் அவர் கடை வாசல்ல உட்கார்ந்தேன். பறவை வாங்க வர்றவங்களை எல்லாம், ஜே.கே. 25-13 ரிங்கைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். பைத்தியம்னு நினைச்சாங்க. அஞ்சாவது வாரம் ஒருத்தர், அணைக்கட்டு தாண்டி ஒரு கிராமத்துல ஷூவுக்கு மேல்தோல் அப்பர் தைக்கிற முத்துமாரின்னு ஒரு அம்மா வீட்ல பார்த்ததா சொன்னார்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீ பயந்துக்கிட்டே படிக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு இப்ப காய்ச்சல் இறங்கிடுச்சு. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கறாங்க. நேத்துப் போய்ப் பார்த்தேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி முஜாஹித் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகல. அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. ரஃபத் தங்கச்சிதான் கதவைத் திறந்தாங்க. பாதி ஆளா ஆயிட்டாங்க. இன்னொரு பறவை இருக்கு, இத்தனை நாள் மறைச்சுட்டேன், தேடிப் போறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்னு சொன்னேன். அவங்க கேட்டாங்க, "அந்த வீட்ல யாராவது உண்டாயிருக்காங்களா அண்ணா?" தெரியலம்மான்னேன். உள்ள திரும்பி முஜாஹித்தை, நீங்களும் போங்கன்னாங்க. அவன் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து என் வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்தான். ஒடுகத்தூர் வழியா ஒன்றரை மணி நேரம். அவன் கை என் தோள்ல இல்ல, சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தான்.

தகரக் கூரை வீடு. வெளிய கம்பியில பதிமூணு தொங்குது. நல்லா விசிலடிச்சுக்கிட்டு, கண்ணு பளபளன்னு. சுகமாத்தான் இருக்குதுன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்பத்தான் உள்ள இருந்து இருமல் சத்தம் கேட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியும். என் நெஞ்சுல ரெண்டு மாசம் இருந்தது அது.

நாப்பது வயசு இருக்கும். பாய்ல சுருண்டு கிடந்தாங்க, தைக்கிற தோல் துண்டெல்லாம் சுத்திக் கிடக்குது. பத்து நாளா காய்ச்சலாம். மருந்துக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டாங்களாம். யாருப்பா நீங்கன்னு கேட்டாங்க. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன்.

முஜாஹித் கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டு உள்ள போனான். அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்து, என் பொண்டாட்டிக்கும் இதே மாதிரி வந்தது, பறவையில இருந்து வந்தது, மருந்து இருக்கு, பிழைச்சுட்டா, ஆனா இன்னைக்கே போகணும் அம்மான்னு நிதானமா சொன்னான். பிள்ளை போனதைச் சொல்லல. சொல்லாம விட்டதை நான் கவனிச்சேன். பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க போன் பண்ணி ஆட்டோ வரவழைச்சாங்க. நான் கூண்டுமேல நனைச்ச சாக்கைப் போட்டு மூடி, கிட்ட யாரும் வராதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். கால்நடை ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி, இது என் பறவைன்னு பேரைச் சொல்லிட்டேன்.

அவன் அந்த அம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிவந்து ஆட்டோவுல ஏத்தி, தானும் உட்கார்ந்தான். நான் வண்டிக்கிட்ட போனேன், பின்னாடியே ஓட்டிக்கிட்டு வரலாம்னு. ஆட்டோக்காரர் கிளம்பப் பார்த்தார். முஜாஹித் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினான். என் பக்கம் பார்க்காம, எதிர்ல ரோட்டையே பார்த்துக்கிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"டாக்டர் கேட்பார். நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும். ஏறு."

ஏறினேன்.

கிறிஸ்துமஸ் வருது. இந்த வருஷம் வீட்ல ஸ்டார் கட்டல. நீ குளிர்ல வெறுங்காலோட நிக்காத.

உன் அண்ணன்
ஜெயகரன்